எழுத்தறிவித்த வீடுகள்

கல்வியின் சரித்திரம் என்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பள்ளிக்கூடங்களின் சரித்திரந்தான். எத்தனை பள்ளிகள், எத்தனை உபாத்தியாயர்கள், சர்க்கார் செலவிட்டது எவ்வளவு என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. வீட்டுக்குள் ஒரு குழந்தை முதலெழுத்தைக் கற்றதற்குக் கணக்கு வைப்பவர் யார்? ஆனாலும் அபூர்வமாக இந்தக் கணக்கும் ஏட்டில் ஏறியிருக்கிறது. அப்படி இரண்டு ஏடுகளைப் புரட்டிப் பார்க்கலாம்.

முதல் ஏடு நம்முடையது. சென்னை ராஜதானியின் கவர்னராயிருந்த ஸர் தாமஸ் மன்றோ, ஜில்லாதோறும் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன, யார் யார் படிக்கிறார்கள் என்று 1822-இல் கலெக்டர்களிடம் விவரம் கேட்டார். வந்த விவரங்களைத் தொகுத்து 1826 மார்ச்சில் ஒரு குறிப்பு எழுதினார். அதில் சென்னை நகரத்துக் கணக்கு விசித்திரமானது. பள்ளியில் படித்தவர்கள் 5,000-க்குச் சற்று மேல். வீட்டிலேயே படித்தவர்களோ 26,000-க்கும் மேல்! மன்றோவுக்கே இதில் சந்தேகம். எண்ணிக்கையில் ஏதோ பிழை இருக்கலாம் என்று எழுதினார். ஆனால் உறவினரிடமோ தனி ஆசிரியரிடமோ வீட்டில் கற்கும் வழக்கம் ராஜதானி எங்கும் உண்டு என்பதை அவர் ஒப்புக்கொண்டார்.

அதே குறிப்பில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பிராமணர் முதலிய பொதுவான இந்து வீடுகளில் பெண்களுக்கு எழுத்து வாசனை கிடையாது. படிப்பது அடக்கத்துக்கு ஒவ்வாதது, நாட்டியமாடும் பெண்களுக்கே உரியது என்பது அவ்வீடுகளின் எண்ணம் என்கிறார் மன்றோ. இந்த எண்ணம் இல்லாத சில ஜாதிகளில் பெண்கள் சாதாரணமாகக் கற்றார்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

இதைச் சற்று நினைத்துப் பாருங்கள். பிள்ளை அரிச்சுவடியை உரக்கச் சொல்லும் அதே கூடத்தில்தான் அவன் தங்கையும் வளர்ந்தாள். ஏடு அங்கேயே இருந்தது. கற்றுக் கொடுக்க ஆளும் இருந்தார். காதில் விழுந்த எழுத்து அவள் கைக்கு வரவில்லை. குறுக்கே நின்றது வறுமையன்று, பள்ளி இல்லாத குறையுமன்று, வீட்டின் மனம்.

வீட்டின் மனம் வேறுவிதமாக இருந்தால் என்ன ஆகும்? இதற்குப் பதில் இரண்டாவது ஏட்டில் இருக்கிறது. அது ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள ஸ்வீடன் தேசத்து ஏடு.

1686-இல் அந்நாட்டில் ஒரு திருச்சபைச் சட்டம் வந்தது. குழந்தைகளும் பண்ணையாட்களும் வேலைக்காரிகளும் வேதத்தைத் தம் கண்ணாலேயே வாசித்தறிய வேண்டும் என்பது அதன் நோக்கம். கிராமங்களில் பள்ளிகள் மிகக் குறைவு. ஆகவே கற்பிக்கும் பொறுப்பு குடும்பத் தலைவன் தலையில் விழுந்தது. பாதிரியார் ஆண்டுக்கொருமுறை வருவார். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடும். எஜமானன், மனைவி, மக்கள், வேலையாள் என்று ஒவ்வொருவரையும் வாசிக்கச் சொல்லி, ஞானோபதேசத்தில் கேள்வி கேட்டு, தேர்ச்சியைப் பேரேட்டில் குறித்துக்கொள்வார். அதில் தேறாதவருக்கு நற்கருணை கிடையாது, கல்யாணமும் தடைப்படும். அந்தப் பேரேடுகள் இன்றும் அந்நாட்டு ஆவணக் களரிகளில் இருக்கின்றன.

பதினெட்டாம் நூற்றாண்டு முடிவதற்குள் குடியானவர்களில் பெரும்பாலோர் அச்செழுத்தை வாசிக்கப் பழகிவிட்டார்கள். பெண்கள் ஆண்களுக்குச் சளைக்கவில்லை. ஒவ்வோர் ஊர்ப் பங்கிலும் பள்ளி வேண்டும் என்ற சட்டம் வந்ததோ 1842-இல்தான்! முதல் தலைமுறைப் பெற்றோரில் எத்தனையோ பேர் தாமே தட்டுத் தடுமாறி வாசித்தவர்களாயிருக்க வேண்டும். ஆனால் ஒன்றை அந்த வீட்டுக் குழந்தை கண்ணாரக் கண்டது. படிப்பு தனக்கு மட்டும் விதிக்கப்பட்ட தண்டனையன்று. அப்பாவும் நாலு பேர் முன்னிலையில் எழுந்து நின்று வாசித்தாக வேண்டும். பெரியவர்கள் அஞ்சியும் மதித்தும் செய்கிற காரியத்தைக் குழந்தை விளையாட்டாக எண்ணாது.

இதை ஒரேயடியாகப் புகழவும் வேண்டாம். பயத்தினால் வந்த படிப்பு அது. மனப்பாடம் செய்து ஒப்பித்தவர்களும் இருந்தார்கள். எல்லாவற்றையும்விட விநோதம், வாசிக்கத் தெரிந்த இந்த ஜனங்களில் மிகப் பலருக்கு எழுதத் தெரியாது! 'எழுதப் படிக்க' என்று நாம் ஒரே மூச்சில் சொல்கிறோம். அங்கே இரண்டும் வெவ்வேறாக நின்றன. மோட்சத்துக்கு வாசிப்புப் போதும். ஏர் பிடிப்பவனுக்கு எழுதுகோல் எதற்கு என்று வீடு நினைத்தது. வீடு கேட்டதைக் குழந்தை கற்றது, கேட்காததைக் கற்கவில்லை.

இரண்டு ஏடுகளும் சொல்வது ஒன்றுதான். ஏடு இருந்தும் நம் வீட்டுப் பெண் கற்கவில்லை. பள்ளி இல்லாமலே ஸ்வீடன் குடியானவன் மகள் கற்றாள். எழுத்தறியாத ஏழைப் பெற்றோரைப் பார்த்து, 'இந்த வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பு எங்கே வரப்போகிறது?' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெற்றோருக்கு எழுத்துத் தெரிவது பெரிய அனுகூலந்தான். ஆனால் தெரிந்த வீடுகளும் கதவை அடைத்ததுண்டு. எழுத்து உனக்கும் உரியது என்று மகனிடமும் மகளிடமும் ஒரே குரலில் சொல்ல, பெற்றவர்கள் படித்தவர்களாக இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. அந்தச் சொல்லோடு பள்ளிக்கு வருகிற குழந்தைக்கு ஆசிரியரின் வேலை பாதி முடிந்துவிடுகிறது.