முருங்கைக்காய் வாங்கினா ஏன் சிரிக்கிறாங்க?

போன வாரம் சந்தவாசல்ல ஒரு காய்க்கடையில் நாலு முருங்கைக்காய் எடுத்தேன். கடைக்கார அண்ணன் எடை போட்டுக்கிட்டே, "என்ன சார், நாளைக்கு லீவா?"ன்னார். பக்கத்துல நின்ன அக்கா முகத்தைத் திருப்பிக்கிட்டுச் சிரிச்சாங்க. சாம்பாருக்குத்தாங்க வாங்கினேன்!

இந்தச் சிரிப்புக்கு வயசு நாற்பதுக்கு மேல. 1983-ல் வந்த பாக்யராஜின் 'முந்தானை முடிச்சு' பார்த்திருப்பீங்க. விலகியே இருக்கும் வாத்தியார் கணவரை வழிக்குக் கொண்டுவர ஊர்வசி முருங்கைக்காயைச் சமைச்சுப் போடுவாங்க. முருங்கை ஆண்மைக்கு நல்லதுங்கிற நம்பிக்கை பாட்டி வைத்தியத்தில் அதுக்கு முன்னாடியே உண்டு. ஆனா காய் பேரைச் சொன்னாலே ஊரே சிரிக்கிற நிலைமை வந்தது அந்தப் படத்துக்கு அப்புறம்தான்.

பத்திரிகைகள் சும்மா இருக்குமா? 'தாம்பத்தியம் சிறக்க'ன்னு தலைப்புப் போட்டு முருங்கைப்பூ பால், பேரீச்சை, பாதாம்னு பக்கம் பக்கமா எழுதினாங்க.

நாம மட்டும்தான் இப்படின்னு நினைக்காதீங்க. சிகாகோவில் ஆலன் ஹிர்ஷ்னு ஒரு நரம்பியல் டாக்டர். 31 ஆண்களை விதவிதமான வாசனைகளை முகரவெச்சு, ஆணுறுப்பில் ரத்த ஓட்டம் எவ்வளவு கூடுதுன்னு அளந்தார். முதல் இடம் எதுக்குத் தெரியுமா? பூசணிக்காய் பை வாசனையும் லாவெண்டரும் சேர்ந்ததுக்கு. 40 சதவீதம்! சீஸ் பீட்சா வெறும் 5. பூசணிக்கு அங்கே இப்படி ஒரு மரியாதை. 31 பேரை வெச்சு உலகத்துக்கே முடிவு சொல்ல முடியாது. ஆனாலும் 'துணையைக் கவர 10 உணவுகள்' வகைக் கட்டுரைகளில் அந்த 40 இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு.

காமத்தைத் தூண்டும்னு சொல்லிக் கடையில் விற்கிற சரக்குகள் எதுக்கும் ஆதாரம் இல்லைன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1989-லேயே சொல்லிடுச்சு. அதுக்கும் ரொம்ப முன்னாடி, 1954-லேயே, இந்த மாதிரி மருந்து விளம்பரங்களை நம்ம நாட்டுச் சட்டம் தடை செஞ்சாச்சு. சுவரொட்டிகளைப் பார்த்தா அப்படியா தெரியுது?

இதெல்லாம் ஏன் சொல்றேன்னா, முட்டிவலின்னு ஒருத்தர் ஓபிக்கு வந்தார். நாற்பது சொச்சம் வயசு. சீட்டை வாங்கிட்டு வாசல் வரை போனவர் திரும்பி வந்து மெதுவா, "சார், ஆறு மாசமா தினமும் முருங்கைக்காய் சாப்பிடறேன். ஒண்ணும் சரியா வரல"ன்னார். சுகர் பார்த்தேன். 312.

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாயைவிட ஆணுறுப்புக்குப் போற குழாய் ரொம்பச் சின்னது. சுகர், பிபி, சிகரெட்டால் ரத்தக் குழாய் கெட ஆரம்பிச்சா பல பேருக்கு முதல்ல தெரியறது அங்கேதான். நெஞ்சுவலி வர்றதுக்குச் சில வருஷம் முன்னாடியே தெரியலாம். அதனால விறைப்புப் பிரச்சினை சில மாசமா தொடர்ந்தா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல சுகரும் பிபியும் பாருங்க. நாங்க சிரிக்க மாட்டோம்.

அவர் கிளம்பும்போது கேட்டார்: "அப்ப முருங்கைக்காயை நிறுத்திடவா சார்?"

"எதுக்குண்ணே? நல்ல காய், சாப்பிடுங்க. மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க."