பூஞ்சைக்கு ஒரு பிசிஆர்

ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி கொடுக்கும்போது வெள்ளையணுக்கள் அடியோடு சரிந்துவிடும். நாம் எல்லோரும் அன்றாடம் மூச்சோடு இழுத்துவிடுகிற ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகளுக்கு அதுதான் தருணம். நுரையீரலில் முளைத்து, ரத்தக்குழாயைத் துளைத்துக்கொண்டு பரவும். காய்ச்சல் இறங்காது. ரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்பினால் இந்தப் பூஞ்சை அதில் வளர்வதே அபூர்வம். பயாப்ஸி எடுக்கலாமென்றால், தட்டணுக்களும் குறைந்த உடம்பில் ஊசி இறக்கினால் ரத்தம் நிற்காதோ என்ற பயம். எனவே சந்தேகத்தின் பேரிலேயே ஆம்போடெரிசின் என்ற பூஞ்சை மருந்தை ஏற்றினார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மருந்து அது.

1983இல் கேரி மல்லிஸ் கண்டுபிடித்த பிசிஆர், துளி டிஎன்ஏவைக் கோடி மடங்காகப் பெருக்கிக் காட்டும். பூஞ்சைக்கும் இதைச் செய்தால் என்ன? 1990இல் பால்டிமோர் மருத்துவர்கள் கேண்டிடா என்ற பூஞ்சைக்குச் செய்து பார்த்தார்கள். 1993இல் லண்டன் ஆய்வாளர்கள் ஆஸ்பர்ஜில்லஸுக்குச் செய்தார்கள். 1997இல் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில் ஹெர்மான் ஐன்சலே குழுவினர் ரத்தத்திலேயே பூஞ்சை டிஎன்ஏவைப் பிடித்தார்கள். ஸ்கேனில் தடயம் தெரிவதற்குச் சில நாள் முன்பே பிசிஆர் பாசிட்டிவ் காட்டியது. இந்த நோயில் அந்தச் சில நாட்கள் உயிரின் விலை பெறும்.

ஆனாலும் மருத்துவ உலகம் நம்பவில்லை. அந்தத் தயக்கம் நியாயமானதே என்று நினைக்கிறேன். காற்றெங்கும் வித்துகள் மிதக்கும்போது, குழாயில் அகப்பட்டது நோயாளியின் பூஞ்சையா, ஆய்வக அறையின் பூஞ்சையா? 1999இல் ஐரோப்பாவின் ஐந்து மையங்கள் சேர்ந்து இதைத் துருவின. பூஞ்சைச் சுவரைக் கரைக்கக் கடையில் வாங்கிய நொதித் தூளிலேயே பூஞ்சை டிஎன்ஏ கலந்திருக்கக்கூடும் என்று தெரியவந்தது. தேடும் கருவியே தேடப்படும் பொருளைச் சுமந்து வந்தால் எந்த முடிவை நம்புவது?

இன்னொரு சிக்கல், ஆய்வகத்துக்கு ஆய்வகம் செய்முறை வேறு. 2006இல் பீட்டர் டானலி முதலான ஆய்வாளர்கள் முன்னின்று ஐரோப்பிய ஆஸ்பர்ஜில்லஸ் பிசிஆர் முயற்சியைத் தொடங்கினார்கள். ஒரே மாதிரியான ரத்த மாதிரிகளைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி, யார் எப்படிச் செய்கிறார்கள் என்று ஒப்பிட்டார்கள். கார்டிஃபைச் சேர்ந்த லூயிஸ் வைட்டும் கூட்டாளிகளும் 2010இல் வெளியிட்ட முடிவு பலரின் கவனத்தைத் திருப்பியது. பெருக்கும் கட்டத்தைவிட, அதற்கு முன்னால் டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும் கட்டத்தில்தான் கோளாறு.

பூஞ்சைச் சுவரில் கைட்டின் இருக்கிறது. இறால் ஓட்டில் இருக்கும் அதே பொருள். லேசில் உடையாது. ஆகவே முழு ரத்தமென்றால் குறைந்தது 3 மில்லி எடு; சிவப்பணுக்களைக் கரைத்து நீக்கு; பிறகு வெள்ளையணுக்களையும் கரை. மிஞ்சிய படிவைப் பொடி மணிகளோடு குழாயில் அடைத்து, கருவியில் வைத்து அசுர வேகத்தில் குலுக்கு. மணிகள் மோதி மோதிச் சுவர் உடையும். கடைசியில் வரும் டிஎன்ஏவை 100 மைக்ரோலிட்டருக்கும் குறைந்த நீரில் இறக்கு, அதாவது இரண்டே சொட்டு. கூடுதல் நீரில் இறக்கினால் நீர்த்துப்போய்க் கண்ணில் படாமலே போகும். இப்படிச் செய்தவர்களுக்கே முடிவு சரியாக வந்தது. ஆய்வகத்தில் நாள் முழுக்க நின்று பைப்பெட் பிடித்தவர்களின் கைப்பழக்கத்தை விதியாக எழுதிவைத்த வேலை இது. எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த பகுதியும் இதுவே.

2008இல் இத்தகைய பூஞ்சை நோய்களுக்கான சர்வதேச வரையறையில் பிசிஆருக்கு இடம் மறுத்திருந்தார்கள்; சீரான செய்முறை இல்லை என்பது காரணம். 2020இன் திருத்திய வரையறை ஆஸ்பர்ஜில்லஸ் பிசிஆரை ஏற்றுக்கொண்டது. அதுவும் ஒருமுறை பாசிட்டிவ் போதாது. ரத்தத்தில் அடுத்தடுத்து இரண்டு முறை வர வேண்டும்.

கரும்பூஞ்சை என்று 2021இல் நாம் அலறிய, இந்தியாவில் பலரின் கண்ணைப் பறித்த ம்யூகோர் பூஞ்சைக்கும் இதே வழி திறந்தது. ஆஸ்பர்ஜில்லஸைக் கண்டறிய ரத்தத்தில் செய்யும் காலக்டோமன்னன் சோதனை ம்யூகோரைக் காட்டாது. பிரான்சின் பெசான்சோன் நகரில் லாரன்ஸ் மில்லியோன் குழுவினர் ரத்தத்தின் தெளிநீரான சீரத்தில் ம்யூகோர் டிஎன்ஏவைத் தேடி, திசுப் பரிசோதனைக்குச் சில நாள் முன்பே பல நோயாளிகளில் கண்டார்கள். சீரத்தில் மிதக்கும் டிஎன்ஏ என்பதால் மணி போட்டு உடைக்கும் வேலைகூட இல்லை. கொரோனாவுக்காக வாங்கிய பிசிஆர் கருவிகள் நம் அரசு மருத்துவக் கல்லூரிகளில் இருக்கின்றன. அவற்றில் இந்தச் சோதனையையும் ஓட்டத் தொடங்க வேண்டும்.