பெயர் பெற்ற புலவரும் பெயர் இழந்த பாடகியும்: கேமரன் மலைத் தேயிலைத் தோட்டப் பாடல்கள் குறித்து

சென்னைக்குச் செல்லும் நம் நாட்டுத் தமிழாசிரியர்கள் பெரும்பாலும் தவறாது காணும் இடங்களுள் ஒன்று மெரினாக் கடற்கரைச் சாலை. திருவள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதியார், பாரதிதாசன் ஆகிய புலவர்களுக்கும், வீரமாமுனிவர், போப், கால்டுவெல் ஆகிய அயல்நாட்டறிஞர்களுக்கும் அங்குச் சிலைகள் எழுந்தது 1968ஆம் ஆண்டு சனவரியில் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டியாகும். அதற்கு முந்திய முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைத் தலைவராக விளங்கிய தனிநாயக அடிகளாரின் முயற்சியால் கூடியது. இங்கு ஆராய்ச்சிக் கூட்டமாகத் தொடங்கியது ஈராண்டுக்குள் அங்கு ஊர்வலமாகவும் சிலைகளாகவும் விரிந்தது எனலாம்.

அதே கடற்கரையில், இச்சிலைகளுக்கு ஒன்பது ஆண்டுகள் முன்னதாக, 1959இல் நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலையும் உள்ளது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த அச்சிலையில் நான்கு ஆடவர் பெரும்பாறை ஒன்றை நெம்பிப் பெயர்க்கின்றனர். புலவர் சிலைகளின் பீடங்களில் பெயர்கள் உள்ளன. இந்நால்வர்க்கும் பெயர் இல்லை. உழைப்பின் பொதுவடிவமாக அமைந்தவர்க்குப் பெயர் வேண்டுவதில்லை என்று அமைதி கூறலாம். ஆனால் உழைத்தவரே பாடியவராகவும் இருந்தால் அவரை எவ்வரிசையில் நிறுத்துவது? இவ்வினா நமக்கு மெரினாவில் எழவில்லை. பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில்தான் எழுந்தது.

தோட்டப் பாடல்களைத் திரட்டும் பொருட்டு மாணவர் சிலருடன் அங்குச் சென்றிருந்தோம். தாப்பாவிலிருந்து ரிங்லெட் நோக்கி வண்டி ஏறிக்கொண்டிருந்தபோது, மெரினாச் சிலைகளைப் பற்றி வகுப்பில் கேட்டிருந்த மாணவர் ஒருவர், "இந்த மலையில் நம்மவர் பாட்டுக்கு ஏதேனும் நினைவுச்சின்னம் உண்டா, ஐயா?" என்று வினவினார். நாம் சென்ற தோட்டங்களில் அத்தகைய ஒன்றையும் காணவில்லை. எனினும் அம்மலையில் பெயர்களுக்குக் குறைவில்லை. 1885இல் அப்பகுதியை அளந்த வில்லியம் கேமரனின் பெயரை மலையே தாங்கியுள்ளது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பழகிய ஏ. பி. மில்ன் என்பாருடன் இணைந்து 'போ' தோட்டத்தைத் தொடங்கிய செய்தியைச் சுற்றுலாப் பயணிகளும் அறிவர். காட்டை அழித்து, சரிவை வெட்டி, நாற்று நட்டவர்களை நூல்கள் 'தொழிலாளர்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன.

இத்தோட்டங்கள் காலத்தால் பிந்தியவை என்பதை இங்கு மனத்திற்கொள்ள வேண்டும். மலாயாவின் கரும்பு, காப்பி, இரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழர் வந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரே மலைமேல் தேயிலை வேரூன்றியது. உடலுழைப்புத் தொழிலாளரை உதவி அளித்து மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. ஆகவே தமிழகத்திலிருந்து நேரே ஆள் கொணரும் வாய்ப்பு இத்தோட்டங்களுக்குச் சில ஆண்டுகளே இருந்தது. இங்கு ஒலித்த பாடல்களுள் ஒரு பகுதியேனும் சமவெளி இரப்பர்க் காடுகளில் பழகி மலையேறியவை என்று கொள்வதில் தவறில்லை.

தொழில் மாறப் பாட்டின் போக்கும் மாறியிருக்க வேண்டும். பால்மரம் வெட்டுவோர் விடியற்காலையில் தத்தம் நிரையில் தனித்து நடப்பர். கொழுந்து பறிப்போரோ கூடையை முதுகில் தாங்கி, பக்கத்து நிரையில் நிற்பவரின் முகம் தெரியும்படி சரிவில் ஏறுவர். ஒருவர் அடியெடுக்க மற்றவர் தொடர்வதற்கு இத்தொழில் இடம் தந்தது. விரல்கள் இலை கிள்ளுவதில் உலக்கைப் பாட்டிற்குரிய அடித்தாளம் இல்லை. ஆதலால் பேச்சு பாட்டாகவும் பாட்டு பேச்சாகவும் எளிதில் மாறின. கங்காணியையும் கிராணியையும் நேரில் சொல்ல முடியாதவாறு சொல்லவும் இது உதவியது. பின்னர்க் கத்தரிக்கோலும், அதன்பின் இருவர் பிடித்துச் செல்லும் வெட்டு இயந்திரமும் வந்தன. இயந்திர இரைச்சலினிடையே யார் பாடுவர்? இன்று சரிவுகளில் உழைப்போருள் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோரே மிகுதி. அவர்தம் பாடல்களை யார் திரட்டுகிறார்கள் என்பதும் கேட்கத்தக்க வினாவே. அது வேறொரு கட்டுரைக்குரியது.

இலங்கை மலையகம் இவ்வகையில் பேறு பெற்றது. மடகும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை 1947இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். தாமே கவிஞராக விளங்கியதோடு தோட்ட மக்களின் பாடல்களையும் தொகுத்து அளித்தார். தோட்டத்தின் உள்ளிருந்தே ஒருவர் எழுதுகோலுடன் எழுந்தமையால் அம்மக்களின் பாட்டு, நூல்வடிவம் பெற்றது.

நாம் சந்தித்த மூதாட்டி நெடுங்காலம் கொழுந்து பறித்தவர். தாலாட்டு ஒன்றையும் நடவுப் பாட்டின் சாயல் கொண்ட வேறொன்றையும் தயக்கமின்றிப் பாடினார். அம்மலையில் நெல் வயல் இல்லாதபோதும் நாற்றும் வரப்பும் பாட்டில் நின்றன என்பதை மாணவர்கள் வியப்புடன் குறித்துக்கொண்டனர். ஒப்பாரி ஒன்று பாடுமாறு கேட்டபோதுதான் அவர் முகம் மாறியது. "விளக்கு வச்ச நேரத்துல ஒப்பாரியா? வேணாம் சார். எழவு விழுந்த வீட்டுலதான் அதைப் பாடணும்" என்றார். ஒலிப்பதிவுக் கருவியை நிறுத்தினோம். ஆய்வேட்டிற்கு அது இழப்புத்தான். எனினும் பாட்டிற்கு உரிய இடமும் நேரமும் எவை என்பதை நம் களப்பணி நூல்கள் கூறுவதைவிட அவர் தெளிவாகக் கூறினார் என்றே கருதுகிறோம்.

பாடல்களை யார் கட்டியது எனக் கேட்டதற்கு, "எல்லாரும் பாடுனதுதான்" என்பதே விடையாக வந்தது. இவ்விடையைக் கேட்டவுடன் 'ஆசிரியர் பெயர் அறியப்படாதது' என எழுதி முடிப்பது நம் வழக்கம். தமிழில் வெளிவந்த தொடக்ககால நாட்டுப்புறப் பாடல் தொகுப்புகள் பலவற்றில் பாட்டு இருக்கும். பாடியவர் பெயர் இராது. ஆனால் தமிழ் மரபு இதில் இத்துணை அலட்சியம் காட்டியதில்லை. குறுந்தொகையைத் தொகுத்தோர், இயற்பெயர் தெரியாத புலவரை அவர்தம் பாட்டிலுள்ள தொடராலேயே செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் அழைத்தனர். பெயர் மறைந்தபோதும் ஒருவர் இருந்தார் என்பதை மறைக்க அவர்கள் உடன்படவில்லை. மெரினாவில் நிற்கும் ஔவையாரும் ஒருவர் அல்லர் என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. சங்க காலத்தவரும் பிற்காலத்தவருமாகிய பல பெண்பாற் புலவர்க்கு அது பொதுப்பெயராயிற்று. அச்சொல்லே மூதாட்டியைக் குறிப்பது. பலர்க்கு ஓர் உருவம் அமைக்கவும் நாம் அறிந்தவர்களே.

இதில் நம் துறைக்குத் தனிக்கடப்பாடு ஒன்றுண்டு. 1950களின் நடுவில், அன்று சிங்கப்பூரில் இயங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டிக் குரலெழுப்பிய தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி, அங்குத் தமிழ் நூலகம் அமையத் 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் தொடங்கினார். ஆளுக்கொரு வெள்ளி எனத் திரண்ட அப்பணத்தில் தோட்டத் தொழிலாளரின் கூலியும் கலந்திருந்தது. அவ்வாறு உருவான அடுக்குகளில் கம்பரும் பாரதியும் இருக்கின்றனர். வெள்ளி கொடுத்தவர்களின் பாட்டு அங்கு எத்தனை பக்கம் இடம் பெற்றுள்ளது என்று எண்ணிப் பார்ப்பது ஆய்வு மாணவர் ஒருவர்க்கு ஒரு வாரப் பணியே.

புறப்படும் முன் பதிவேட்டில் பாடியவர் பெயர் என்னும் கட்டத்தை நிரப்புமாறு மாணவரிடம் கூறினோம். மாணவர் பெயரைக் கேட்டார். மூதாட்டி சற்றுச் சிந்தித்து, "எந்தப் பேரு தம்பி? கிராணி செக்ரோல்ல எழுதுன பேரா, வீட்டுல கூப்புடுற பேரா?" என்றார். பதிவேட்டின் கட்டம் ஒரு பெயருக்கே போதுமானதாக இருந்தது. மாணவர் கோடு தாண்டி இரண்டையும் எழுதினார்.