சிம்பன்சியைப் பக்கத்தில் வைத்து நியண்டர்தாலை வாசித்தல்

கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு ஜீனோம் எண்டாலே அது விஞ்ஞானபீடத்து ஆட்களின் பாடு. ஆனால் செல்லரித்த ஏட்டை இன்னொரு பிரதியோடு ஒப்பிட்டு வாசிக்கிற வேலை எங்களுக்குத் தெரிந்ததுதானே. 2010 மே மாதம் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த நியண்டர்தால் ஜீனோமின் முதல் வரைவும் அப்படி வாசித்து எடுத்ததுதான்.

குரோஷியாவின் விண்டியா குகையில் கிடைத்த மூன்று எலும்புத் துண்டுகள்தான் மூலம். ஜேர்மனியில், லைப்சிக் நகரின் மக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் ஸ்வாந்தே பாபோவின் குழு அவற்றிலிருந்து டிஎன்ஏ எடுத்தது. எடுத்ததில் பெரும்பங்கு எலும்புக்குள் புகுந்த பற்றீரியாக்களுடையது. மிச்சமெல்லாம் சின்னச் சின்னத் துணுக்குகள். அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி முழுசாக்க வழியில்லை. அதனால் ஒவ்வொரு துணுக்கும் ஏற்கெனவே வாசித்து வைத்த ஜீனோமில் எந்த இடத்தோடு பொருந்துது எண்டு கணினியைத் தேடவிட்டார்கள். அதிலும் ஒரு சிக்கல். பழைய டிஎன்ஏ துணுக்குகளின் ஓரங்களில் 'சி' எழுத்து சிதைந்து 'டி' போலத் தெரியும். அந்தச் சிதைவையும் கணக்கில் எடுக்கிற மென்பொருள் தேவைப்பட்டது.

எங்களுக்குச் சுவாரசியமான இடம் இனித்தான். மனித ஜீனோமை மட்டும் வைத்துத் தேடினால், எங்களைப் போல இருக்கிற துணுக்குகள் இலேசாக ஒட்டும், வித்தியாசமானவை தவறிப்போகும். நியண்டர்தால் உண்மையில் இருந்ததைவிட எங்களுக்குக் கிட்டவாகத் தெரிவார். அதனால் சிம்பன்சி ஜீனோமோடும் பொருத்திப் பார்த்தார்கள். சிம்பன்சி இரண்டு பேருக்கும் ஒரேயளவு தூரத்து உறவு, பக்கஞ்சாராத சாட்சி.

கிட்டத்தட்ட 400 கோடி எழுத்துகள் தேறின. ஆபிரிக்காவுக்கு வெளியே உள்ள மக்களின் ஜீனோமில் 1 முதல் 4 வீதம் வரை நியண்டர்தாலிடமிருந்து வந்தது எண்டு அப்போது கணித்தார்கள். எங்களையும் சேர்த்துத்தான்.

சரி, அந்த 'மனித ஜீனோம்' ஆருடையது? அதில் ஏறத்தாழ 70 வீதம் ஒரே மனிதருடையது. 1997இல் அமெரிக்காவின் பஃபலோ நகரப் பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து இரத்தம் கொடுக்க வந்தவர்களில் ஒருவர், பெயர் வெளியிடப்படவில்லை. 2018இல் ஆபிரிக்க வம்சாவளியினர் 910 பேரை ஆராய்ந்தபோது, அந்தப் பிரதியில் இல்லாத கிட்டத்தட்ட 30 கோடி எழுத்துகள் கிடைத்தன. 2023இல்தான் 47 பேரின் ஜீனோம்களைச் சேர்த்த புதிய வரைவு வந்தது.

விண்டியா எலும்புகளிலும் மனிதரோடோ சிம்பன்சியோடோ பொருந்தாத நியண்டர்தால் துணுக்குகள் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் அவை பற்றீரியாக் குவியலோடு சேர்த்தே ஒதுக்கப்பட்டிருக்கும்.