மோட்டார் சைக்கிள் ஓடப் பழகுதல்: லேசாகிப் போன ஒரு வித்தையின் வரலாறு



ஓ.எல். பரீட்சை முடிந்த கையோடு நம்மூரில் ஒரு புது வகுப்பு தொடங்கும். அஸருக்குப் பிறகு மைதானத்திலும் கடற்கரைப் பக்கத்திலும் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் வாப்பாவின் பைக்கையோ சாச்சாவின் ஸ்கூட்டரையோ எடுத்துக்கொண்டு ஓடப் பழகுவார்கள். அடுத்த நாள் அதே பிள்ளையை மெயின் ரோட்டில் காணலாம். "எத்தனை நாளில பழகின?" என்று கேட்டால் "ஒரே நாள் சேர்" என்று பெருமையாகப் பதில் வரும்.

அந்த "ஒரே நாள்" எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தப் பதிவு. வரலாறு படிப்பிக்கிறவர்கள் நேராக விஷயத்துக்கு வர மாட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பொறுமையாக வாசியுங்கள்.

1885ஆம் ஆண்டு ஜேர்மனியில் கொட்லீப் டெய்ம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் ஒரு மரச்சட்டத்தில் பெற்றோல் எஞ்சினைப் பூட்டி ஒரு வண்டி செய்தார்கள். உலகின் முதல் மோட்டார் சைக்கிள் என்று பெரும்பாலும் சொல்லப்படுவது அதுதான். அதன் இரண்டு பக்கத்திலும் விழாமல் தாங்குவதற்குச் சின்னச் சில்லுகள் இரண்டு இருந்தன. நம்முடைய சின்னப் பிள்ளைகளின் சைக்கிளுக்குப் பூட்டுவோமே, அதே போல. அன்றைக்கு உலகத்தில் மோட்டார் சைக்கிள் ஓடத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லையே! செய்தவர்களும் பழகத்தான் வேண்டியிருந்தது. ஓடிப் பார்க்கும்போது எஞ்சின் சூட்டில் சீட் தீப்பிடித்தது என்றும் ஒரு கதை உண்டு.

அதற்குப் பிறகு வந்த நாற்பது ஐம்பது வருடத்து வண்டிகளை ஓடுவது ஒரு தனிப் படிப்பு. தீப்பொறி அடிக்கும் நேரத்தை முன்னுக்குப் பின்னுக்குத் தள்ள ஒரு லீவர், காற்றுக்கு ஒரு லீவர், பெற்றோலுக்கு ஒன்று. பல வண்டிகளில் எஞ்சினுக்கு ஒயில் போவதற்கு ஓடும்போதே கையால் பம்ப் அடிக்க வேண்டும். கியர் டாங்கியின் பக்கத்தில் இருக்கும். ஹேண்டிலில் இருந்து ஒரு கையை எடுத்துத்தான் அதை மாற்றலாம். தீப்பொறி நேரம் பிழைத்தால் கிக்கர் திருப்பி அடித்துக் காலைப் பதம் பார்க்கும். எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆள் அந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதே கஷ்டம். ரோட்டுக்கு வரும் முன்பே நாட்கணக்கில் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் பிரேக்கைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறோம். "முன் பிரேக்கைத் தொடாத, தலைகுப்புற விழுவ" என்று நமக்குப் பழக்கியவர்களும் சொன்னார்கள், நாமும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் கம்பனி 1903இல் தொடங்கியது. அவர்களுடைய வண்டிகளுக்கு முன் பிரேக் வந்தது 1928இல்தான். கால் நூற்றாண்டு காலம் பின் பிரேக்கை மட்டும் நம்பியே ஓடியிருக்கிறார்கள். அந்தக் காலத்து வண்டிக்குப் பொருந்தும் புத்திமதியை இந்தக் காலத்து வண்டிக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பிரேக் பிடிக்கும்போது பாரம் முழுக்க முன்னுக்கு வருவதால் இன்றைய பைக்கை நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன் சில்லில்தான் இருக்கிறது. நேராகப் போகும்போது இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கைத் திடீரென்று இறுக்காமல் படிப்படியாக அழுத்த வேண்டும். நம்முடைய கரையோர ஒழுங்கைகளில் மணல் கிடக்கும் வளைவுகளில் மட்டும் அந்தப் பயம் நியாயமானது. அங்கே முன் பிரேக்கை இறுக்கினால் சில்லு வழுக்கத்தான் செய்யும். ஆகவே வளைவுக்கு வரும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

சரி, சட்டம் என்ன செய்தது? பிரித்தானியாவில் 1903ஆம் ஆண்டுச் சட்டப்படி லைசன் எடுக்கப் பரீட்சை எதுவும் இல்லை, காசைக் கட்டினால் போதும். கார் ஓட 17 வயது, மோட்டார் சைக்கிளுக்கு 14 வயது! 1930இல்தான் அதை 16 ஆக்கினார்கள். 1934ஆம் ஆண்டு மட்டும் அந்த நாட்டு வீதிகளில் 7,343 பேர் இறந்தார்கள். இன்றைக்கு இருப்பதில் மிகச் சிறு பங்கு வாகனங்களே ஓடிய காலம் அது. அந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் அடுத்த வருடம் ஓட்டப் பரீட்சையும், நம்ம ட்ரைவிங் ஸ்கூல் வண்டிகளில் இன்றும் தொங்கும் சிவப்பு 'எல்' போர்டும் வந்தன. பரீட்சை கட்டாயமானது 1935 ஜூன் 1ஆம் திகதி. மோட்டார் சைக்கிள் பரீட்சையில் பரீட்சகர் பின்னால் ஏறிப் போக முடியாதே. அதனால் பல காலம் அவர் வீதியோரத்தில் நின்று பார்ப்பார். பழகுநர் சுற்றி வருவார். திடீரென்று கை காட்டினால் நிறுத்திக் காட்ட வேண்டும்.

அந்த ஜூன் மாதம் பிறக்கப் பதின்மூன்று நாட்கள் இருக்கும்போது இங்கிலாந்தில் ஒரு மரணம் நடந்தது. மௌத்தானவரை நம்மில் பலருக்குத் தெரியும். தோமஸ் எட்வர்ட் லோரன்ஸ். "லோரன்ஸ் ஒஃப் அரேபியா" என்றால் உடனே விளங்கும். முதலாம் உலக யுத்தத்தில் உஸ்மானிய ஆட்சிக்கு எதிராக அரபுகளின் கிளர்ச்சியில் பிரித்தானியாவுக்காக வேலை செய்தவர். அவரைப் பற்றி நமக்குள்ள கருத்து வேறு, அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். இங்கே நமக்கு வேண்டியது அவருடைய பைக்கும் அவருடைய தலையும்.

லோரன்ஸ் பழகுநர் அல்ல. அந்தக் காலத்தின் மிக விலை கூடிய, மிக வேகமான 'ப்ரொஃப் சுப்பீரியர்' வண்டிகள் ஏழு அவரிடம் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. எட்டாவதுக்கும் ஓடர் கொடுத்திருந்தார். எஞ்சினின் ஒவ்வொரு சத்தமும் தெரிந்த ஆள். 1935 மே 13ஆம் திகதி பக்கத்து இராணுவ முகாமுக்குப் போய் ஒரு தந்தி அனுப்பிவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். வீடு கிட்டத்தில்தான். வழியில் பாதை பள்ளமாக இறங்கும் ஓர் இடம். சைக்கிளில் போன இரண்டு பையன்களைக் கடைசி நேரத்தில்தான் கண்டார். அவர்களில் மோதாமல் விலக்கப் போய்த் தூக்கி எறியப்பட்டார். தலையில் ஹெல்மட் இல்லை. அன்றைக்கு ரேஸ் ஓடுகிறவர்களைத் தவிர யாரும் போடுவதுமில்லை. ஆறு நாட்கள் நினைவில்லாமல் கிடந்து மே 19ஆம் திகதி இறந்தார். வயது 46.

கடைக்குப் போய் வருகிற தூரம், பழகிய பாதை, பழகிய கை. நம்மூரில் ஹெல்மட் போடாததற்குச் சொல்லும் காரணம் எல்லாம் லோரன்ஸுக்கும் இருந்தது.

அவரைக் காப்பாற்றப் போராடிய டொக்டர்களில் ஹியூ கேர்ன்ஸ் என்று ஒருவர். அவுஸ்திரேலியாவில் பிறந்த மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர். பிறகு ஒக்ஸ்ஃபோர்டில் பேராசிரியரானவர். ஒரு டொக்டருக்கு ஒரு நோயாளி இறப்பது புதிதல்ல. ஆனால் கேர்ன்ஸ் இந்தக் கேள்வியை விடவில்லை. இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியதும் இராணுவத்தில் செய்தி கொண்டு ஓடுகிற மோட்டார் சைக்கிள்காரர்கள் பலர் யுத்தகளத்தை விட்டு வீதியில் செத்துக்கொண்டிருந்தார்கள். இரவில் விளக்கு வெளிச்சமும் இல்லாத காலம். கேர்ன்ஸ் கணக்கெடுத்து 1941 ஒக்டோபரில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். யுத்தத்துக்கு முந்திய 21 மாதங்களில் மோட்டார் சைக்கிளில் போய் இறந்தவர்கள் 1,884 பேர். யுத்தம் தொடங்கிய 21 மாதங்களில் 2,279 பேர். விவரம் கிடைத்த மரணங்களில் மூன்றில் இரண்டு பங்கு தலைக்காயம். ஹெல்மட் போட்டிருந்து விபத்தில் சிக்கிய ஏழு பேர் மட்டுமே அவர் கைக்குக் கிடைத்தார்கள். அந்த ஏழு பேருமே உயிரோடு இருந்தார்கள்.

ஏழு பேர் என்பது சின்னக் கணக்குத்தான், அது அவருக்கும் தெரியும். ஆனால் அடுத்த மாதமே, 1941 நவம்பரில், பிரித்தானிய இராணுவம் தன்னுடைய மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் ஹெல்மட்டைக் கட்டாயமாக்கியது. அதற்குப் பிறகு மரணங்கள் குறைந்து வந்ததை 1946இல் இன்னொரு கட்டுரையில் காட்டினார். பொதுமக்களுக்கு? அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1961இல் முதலாவதாகச் சட்டம் போட்டது. பிரித்தானியாவில் 1973 வரை சட்டம் இல்லை. கேர்ன்ஸ் 1952இலேயே இறந்துவிட்டார்.

இப்போது ஜப்பானுக்கு வருவோம். ஏனென்றால் "ஒரே நாள் சேர்" அங்கேதான் பிறந்தது. சொய்சிரோ ஹொண்டாவும் அவருடைய கூட்டாளி டக்கியோ புஜிசாவாவும் 1958இல் 'சுப்பர் கப்' என்ற 50 சீசீ வண்டியை வெளியிட்டார்கள். சாப்பாட்டுக் கடைப் பொடியன் ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டை ஏந்திக்கொண்டு மற்றக் கையால் ஓடக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த நிபந்தனை. ஆகவே கிளச் லீவரையே எடுத்துவிட்டார்கள். கிளச் தானாக வேலை செய்யும். கியரைக் காலால் தட்டினால் போதும். செருப்புக் காலோடும் தட்டலாம். நடுவில் டாங்கி இல்லை, காலைத் தூக்கிப் போடாமல் ஏறலாம். சேறு அடிக்காமல் முன்னுக்குப் பிளாஸ்டிக் மறைப்பு. 2017இல் இந்த வகை வண்டி பத்துக் கோடியைத் தாண்டியது. மனிதன் செய்த எந்த மோட்டார் வாகனமும் அத்தனை விற்றதில்லை.

சாரன் உடுத்த நம்முடைய வாப்பாமாருக்கு இதைவிடத் தோதான வண்டி உண்டா? 1977இல் திறந்த பொருளாதாரம் வந்து இறக்குமதிக் கதவு திறந்ததும் ஜப்பான் பைக்குகள் வந்து குவிந்தன. அதற்கு முன்பு பிஎஸ்ஏ, நோர்ட்டன், ட்ரயம்ப் போன்ற இங்கிலாந்து வண்டிகள் ஊருக்கு ஒன்றிரண்டு. அதை ஓடுகிறவர் ஊரில் ஓர் ஆள். பிறகு மீன் பெட்டி கட்டியது கப், வயலுக்குப் போனது கப், ஓதப்பள்ளிக்குப் பிள்ளை ஏற்றியது கப். அதற்கும் பிறகு கியரே இல்லாத ஸ்கூட்டர்கள் வந்தன. உம்மாமாரும் தங்கச்சிமாரும் ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போனார்கள். இதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஹொண்டாவும் புஜிசாவாவும் ஏழைக்குச் செய்த உதவி பெரிது.

ஆனால் கிளச்சும் கியரும் போனபோது, அவற்றோடு மல்லுக்கட்டிய நாட்களும் போய்விட்டன. முன்பு ரோட்டைப் பழக நேரம் கிடைத்தது, ஏனென்றால் வண்டி சுணக்கியது. இன்று ஸ்கூட்டரின் அக்ஸலேட்டரைத் திருகத் தெரிந்த நிமிடமே பிள்ளை மணிக்கு 60 கிலோமீற்றரில் போகலாம். லொறி திரும்பப் போகிறதா, நிற்கிற திரீவீலின் கதவுப் பக்கத்தால் ஆள் இறங்குமா, ஒழுங்கையில் இருந்து ஆடு வருமா என்று பார்க்கும் கண் ஒரு நாளில் வராது. கல்முனையில் இருந்து அக்கரைப்பற்று வரை மெயின் ரோட்டில் ஒரு தரம் போய் வந்தால் இது விளங்கும்.

நம் நாட்டில் வருடத்துக்கு 2,000க்கு மேற்பட்டவர்கள் வீதி விபத்துகளில் இறக்கிறார்கள். அதில் பெரிய கூட்டம் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். 100 சீசீ வரையான வண்டிக்கு 'ஏ1', அதற்கு மேல் 'ஏ' என்று லைசன் வகை பிரித்திருக்கிறார்கள். எழுத்துப் பரீட்சை, பழகுநர் பத்திரம், எல் போர்ட், பிறகு ட்ரயல் என்று ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். 1934இன் ஜனாஸாக்களில் இருந்து படித்த பாடத்தின் வழிவந்தவை இவை. நம்மூரில் எத்தனை பைக்கில் எல் போர்ட் கட்டி ஓடுவதைக் கண்டிருக்கிறோம்? வெட்கம் என்கிறார்கள்.

ஹெல்மட்டின் கதை நம் பகுதியில் இன்னும் சிக்கலானது. யுத்த காலத்தில் சென்றியைக் கண்டால் இறங்கி, ஹெல்மட்டைக் கழற்றி, முகத்தைக் காட்டிப் போனோம். 2015இல் முகத்தை மூடும் ஹெல்மட்டுக்குப் பொலிஸ் தடை கொண்டுவர, அது நீதிமன்றம் வரை போனது. ஆக ஒரு தலைமுறைக்கு ஹெல்மட் என்றால் சந்தேகம், அடுத்த தலைமுறைக்கு ஹெல்மட் என்றால் தண்டப் பணம். சந்தியில் செக்கிங் என்று தகவல் வந்தால் தலைக்கு ஏறும். இல்லையென்றால் கண்ணாடியில் தொங்கும். ஜும்ஆவுக்குப் போகும்போது "தொப்பி போட்டிருக்கேனே" என்று ஒரு காரணம். தொப்பி மடித்துச் சட்டைப் பொக்கட்டில் போடக்கூடிய சாமான்தானே.

வாங்கப் போகிறவர்களுக்கு நமக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம். கேர்ன்ஸ் காலத்து ஹெல்மட் இறப்பரிலும் அழுத்திய கூழிலும் செய்தது. இன்றைய ஹெல்மட்டில் அடியை வாங்குவது உள்ளே இருக்கும் ரெஜிபோம். அது நசுங்கித்தான் தலையைக் காப்பாற்றும். ஒரு தரம் நசுங்கினால் அதன் வேலை முடிந்தது. வெளியே கீறல்கூட இல்லை என்று விழுந்த ஹெல்மட்டைத் தம்பிக்குக் கொடுக்காதீர்கள். எஸ்.எல்.எஸ். முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். "பிள்ளை வளரும்தானே" என்று பெரிய சைஸ் எடுக்காதீர்கள். பட்டியைப் பூட்டிவிட்டுத் தலையை ஆட்டிப் பார்த்தால் ஹெல்மட் தனியாகச் சுற்றக் கூடாது. பட்டி பூட்டாத ஹெல்மட் தலைக்கு முதலே ரோட்டில் போய் விழும்.

சகோதரிகள் வழமையாக உடுக்கும் ஹிஜாபோடேயே கடைக்குப் போய் அளவு பாருங்கள். ஹெல்மட்டுக்கு அடியில் வரும் இடத்தில் பின் குத்த வேண்டாம். அபாயாவின் ஓரத்தையும் ஷோலின் நுனியையும் ஸ்டார்ட் பண்ணும் முன்பே சீட்டுக்குக் கீழ் அமுக்கிவிடுங்கள். பின்னால் இருக்கிறவர் ஒரு பக்கமாகக் காலைப் போட்டு இருந்தால் அவருடைய துணி சில்லுக்குக் கிட்ட இருக்கிறதா என்று ஓடுகிறவர்தான் திரும்பிப் பார்க்க வேண்டும். இருக்கிறவருக்கு அது தெரியாது.