சிட்டையும் பேரேடும் ஒன்றான கதை

சாத்தூர் என்றால் சேவும் வெள்ளரியும் மட்டுமல்ல. பேனா நிப்புக்கும் பேர் போன ஊர். நிப் பேனாவால் கணக்கு எழுதிய காலத்தில் கடைக்கு இரண்டு புத்தகம் உண்டு. வரவு செலவை நடந்த வரிசையில் எழுதுவது சிட்டை. அதையே ஆள்வாரியாகப் பிரித்து ஏற்றுவது பேரேடு. "யார் பாக்கி எவ்வளவு?" என்று முதலாளி கேட்டால் பேரேட்டைத்தான் புரட்டணும். ஆனால் காலையில் நடந்த வியாபாரம் அதில் ஏறியிருக்காது!

கம்ப்யூட்டர் வந்த பிறகும் இதே கதைதான். பில் போட ஒரு தரவுத்தளம். விற்பனையை அலசிப் பார்க்க இன்னொன்று. இரவில்தான் அங்கிருந்து இங்கே கணக்கு ஏறும். 1993இல் இ.எஃப். காட் அலசல் வேலைக்கு 'ஓலாப்' என்று தனிப்பெயரே வைத்தார். ஏன் இந்தப் பிரிவினை? சுழலும் டிஸ்க் மெதுவானது; பெரிய கேள்வி ஒன்று கேட்டால் பில் போடும் வேலை திணறிவிடும்.

நினைவகம் விலை குறைந்ததும் நிலைமை மாறியது. தென்கொரியப் பேராசிரியர் சாங் க்யூன் சா உருவாக்கிய நினைவகத் தரவுத்தள நிறுவனத்தை, ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. 2005இல் வாங்கியது. எஸ்.ஏ.பி.யின் நிறுவனர்களுள் ஒருவரான ஹாசோ பிளாட்னர், இரண்டு வேலைக்கும் ஒரே தரவுத்தளம் போதும் என்று 2009இல் கட்டுரை எழுதினார். 2010இல் 'ஹானா' அறிவிக்கப்பட்டது. அந்த முயற்சியை முன்னின்று நடத்தியவர் இந்தியாவில் பிறந்த விஷால் சிக்கா.

இதன் சூட்சுமம் என்ன? பதிவுகளை வரிசை வரிசையாக வைக்காமல் பத்தி பத்தியாக வைப்பது. ஊர்ப் பத்தியில் 'சாத்தூர்' பத்தாயிரம் முறை வந்தாலும் பெயர் ஒரு தடவைதான் இருக்கும். மற்ற இடமெல்லாம் சிறு எண். மொத்த விற்பனை வேண்டுமா? தொகைப் பத்தியை மட்டும் படித்தால் போச்சு.

இப்படிச் சுருக்கிய பத்தியில் புதுப் பதிவை நுழைப்பது கஷ்டம். ஆகவே அது முதலில் 'டெல்டா' என்ற சிறு பகுதியில் விழும். பிறகு பெரிய பகுதியோடு சேரும். நம்ம சிட்டையும் பேரேடும்தான்! ஆனால் கேள்வி கேட்டால் இரண்டையும் சேர்த்தே பார்த்து, இந்த நிமிடக் கணக்கைச் சொல்லும். கரண்ட் போனால்? ஒவ்வொரு பதிவும் டிஸ்க்கிலும் குறிக்கப்படுவதால் மறுபடி மீட்டுவிடலாம்.

எல்லாருக்கும் இது தேவை என்று சொல்ல வரவில்லை. டிஸ்க்கை விட நினைவகம் இன்றும் விலை கூடுதல்தான். ஆனால் மாணவத் தம்பி தங்கைகளே, "இப்படித்தான் செய்யணும்" என்று பாடத்தில் படிக்கும்போது, அது கணக்கின் விதியா, கருவியின் குறையா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். குறை என்றால் அதைத் தீர்க்கும் வேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது.