தலை மூடு, முகம் மூடாதே

1847 மார்ச் 24ஆம் தேதி, லாகூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹென்றி லாரன்ஸ் ஓர் உத்தரவு போட்டார். அமிர்தசரஸ் பொற்கோயில் பூசாரிகளின் முறையீட்டுக்குக் காது கொடுத்துப் போட்ட உத்தரவு அது. பிரிட்டிஷ் பிரஜைகள் யாரும் செருப்புக் காலோடு கோயிலுக்குள் நுழையக்கூடாது, அமிர்தசரஸில் பசுவை வெட்டக்கூடாது. செப்புத் தகட்டில் பொறித்தும் வைத்தார்கள். காலைப் பற்றி அவ்வளவு கறாராகப் பேசிய அந்தத் தகடு, தலையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இன்றைக்கு அங்கே போய்வந்த யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது தலைத்துணியைத்தான். வாசலில் பெரிய தொட்டி நிறையக் காவித் துணிகள் கிடக்கும். ஒன்றை எடுத்துத் தலையில் கட்டிப் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டு உள்ளே போகலாம், வரும்போது திரும்பப் போட்டுவிடலாம். காசு கிடையாது. அப்படியிருக்க, 1847இல் இது எப்படி விட்டுப்போயிற்று? என் ஊகத்தைச் சொல்கிறேன். துரைமார்கள் முரண்டு பிடித்தது பூட்ஸைக் கழற்றத்தான். தலையில்தான் ஏற்கெனவே தொப்பி இருக்கிறதே! இதில் வேடிக்கை, மரியாதை தெரிந்த துரை கூரைக்குக் கீழே வந்ததும் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். சர்ச்சில் ஆண்பிள்ளை செய்ய வேண்டியது அதுதான். அவர் பணிவென்று நினைத்துச் செய்தது பொற்கோயிலில் அவமரியாதையாகப் போய்விடும்.

என் கணவருக்கு அமிர்தசரஸுக்கு மாற்றலாகி நாங்கள் சில வருடம் அங்கே குடியிருந்தோம். வீட்டுக்கார அம்மாவை எல்லோரும் பீஜி என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. எனக்குத் தெரிந்த சீக்கிய வரலாற்றில் பாதி அவர் அடுப்படியில் கேட்டது. மீதியைப் பிறகு படித்தேன். பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

தலையை ஏன் மூட வேண்டும் என்று கேட்டதற்கு பீஜி தந்த பதில் எனக்கு அப்போது விளங்கவில்லை. "உள்ளே இருக்கிறது புத்தகம் இல்லை, மகளே. ராஜா உட்கார்ந்திருக்கிறார்." ஐந்தாம் குரு அர்ஜன் 1604இல் ஆதி கிரந்தத்தைத் தொகுத்து ஹர்மந்திர் சாகிபில், அதாவது பொற்கோயிலில், வைத்தார். பத்தாம் குரு கோவிந்த் சிங் 1708இல் நாந்தேடில் மறைவதற்கு முன், இனி கிரந்தமே குரு, மனித குரு கிடையாது என்றார். அன்றிலிருந்து குரு கிரந்த சாகிபுக்கு ஓர் அரசருக்கு நடக்கும் உபசாரம் எல்லாம் நடக்கிறது. மேலே விதானம், பக்கத்தில் சாமரம், உட்கார மஞ்சம். விடிவதற்கு முன்பே எதிரே உள்ள அகால் தக்திலிருந்து பல்லக்கில் வருவார், இரவு பல்லக்கிலேயே திரும்பிப் போய்ப் பள்ளிகொள்வார். பல்லக்குக்கும் மஞ்சத்துக்கும் இடையில் அந்தக் கனத்த கிரந்தத்தைக் கையில் தூக்க மாட்டார்கள், தலையில்தான் சுமப்பார்கள். அதற்கும் உடுப்பு உண்டு. ருமாலா என்பார்கள், ஜரிகை போட்ட சதுரத் துணி. கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளில் ருமாலா விற்பதற்கென்றே கடைகள் இருக்கின்றன. எனக்குப் பட்டுப்புடவைக் கடையில் நிற்கிற ஆசை அங்கேயும் வந்துவிடும்.

ஆக, அது தர்பார். அந்தக் காலத்து வடநாட்டு தர்பாரில் வெறுந்தலையோடு நிற்பவன் ஒன்று தோற்றவன், இல்லையென்றால் குற்றவாளி. மானமுள்ளவன் தலையில் பாகை இருக்கும். பாகையை இன்னொருவன் காலடியில் வைத்தால் முழுச் சரணாகதி. இருவர் பாகை மாற்றிக்கொண்டால் உடன்பிறப்பு. ரஞ்சித் சிங்கும் பதே சிங் அலுவாலியாவும் 1802இல் அப்படி மாற்றிக்கொண்டவர்கள்தான். தகப்பன் இறந்தால் காரியத்தின்போது மூத்த மகன் தலையில் பாகை கட்டுவது இன்றும் பஞ்சாபில் நடக்கிறது.

சீக்கிய குருமார்களிடமே இது ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஆரம்பத்தில் குருபட்டத்துக்கு அடையாளம் சேலி என்னும் கம்பளிக் கயிறும் ஒரு தொப்பியும், துறவிகளுடைய சின்னம். ஜஹாங்கீர் காலத்தில் குரு அர்ஜன் லாகூரில் கொல்லப்பட்ட பிறகு, 1606இல் பட்டத்துக்கு வந்த ஹர்கோவிந்த், சேலியை ஒதுக்கிவைத்துவிட்டு இரண்டு வாள்களும் அரசர்போலக் கலகி என்னும் இறகணி வைத்த பாகையும் கேட்டார் என்பது மரபு. பதினோரு வயதுப் பையன்! அதே ஆண்டில்தான் பொற்கோயிலுக்கு எதிரே அகால் தக்த் எழுந்தது. பிறகு 1699 வைசாகியன்று ஆனந்தபூரில் தீட்சை பெற்ற சீக்கியரின் கூட்டமான கால்சா பிறந்தது. வெட்டாத முடி அடையாளமானது. முடியைக் காக்கப் பாகை. 1745இல் லாகூரில் பாய் தாரு சிங், முடியை வெட்டவிடாமல் உச்சந்தலைத் தோலையே இழந்து செத்தார் என்ற கதை பஞ்சாபில் குழந்தைகளுக்கும் தெரியும்.

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. அரசனுக்கும் அமீருக்கும் உரியதாக இருந்த தலைத்துணியை, கால்சா தச்சனுக்கும் நாவிதனுக்கும் தோல் வேலை செய்பவனுக்கும் கட்டிவிட்டது. 1699இல் குரு கேட்டதும் முதலில் தலை கொடுக்க எழுந்த ஐவரில் ஒருவர் நாவிதர், ஒருவர் துணி அச்சடிப்பவர், ஒருவர் தண்ணீர் சுமப்பவர். நம் பக்கத்தில் ஆண்டையைக் கண்டால் முண்டாசை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். குருத்வாராவில் சட்டம் தலைகீழ். பெரியவர் சந்நிதியில் நிற்கிறாயா, அவிழ்க்காதே, கட்டிக்கொள். தொட்டியிலிருந்து ஒரு காவித் துணியை எடுத்து யாரோ ஒரு லாரி டிரைவர் தலையில் சுற்றிக்கொள்ளும்போது அவருக்கு இந்தப் பழங்கதையெல்லாம் தெரிய வேண்டிய அவசியமில்லை.

எங்கள் அம்மாவுக்கும் தெரிந்திருக்கவில்லை. அம்மாவும் அப்பாவும் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார்கள். பொற்கோயில் வாசலில் அப்பா குஷியாகக் காவித் துணியைக் கட்டிக்கொண்டு சினிமாக் கதாநாயகன்போல நின்றார். அம்மா தலைப்பைத் தோளுக்கு மேல் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டாள். "சுமங்கலிக்கு எதுக்குடி முக்காடு? உங்கப்பா குத்துக்கல்லாட்டம் நிக்கறார்." கடைசியில் கொண்டை மட்டும் மறைகிற அளவுக்குத் தலைப்பைச் செருகிக்கொண்டாள். நீல அங்கி போட்டு ஈட்டி பிடித்திருந்த சேவாதார், கோயில் தொண்டர், ஒன்றும் பேசவில்லை, தன் நெற்றியைத் தொட்டுக்காட்டினார், அவ்வளவுதான். பீஜி தன் கைப்பையிலிருந்து ஒரு சுன்னியை, அதாவது துப்பட்டாவை, எடுத்து அம்மா தலையில் தானே போட்டார். "பெஹன்ஜி, இது துக்கத்துக்கு இல்லை, ராஜா முன்னால் போகிறோம்" என்றார். நான் தமிழில் சொன்னேன். லங்கர் என்னும் பொதுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டபோது சுன்னி நழுவிக்கொண்டே இருந்தது. ஒரு கையில் ரொட்டி, மறு கையால் தலை. பரிமாற வந்த பையன் பருப்பு வாளியோடு பொறுமையாக நின்றான்.

பீஜி அன்று இரவு அம்மாவிடம் சொன்ன கதையை நான் பிறகு பல புத்தகங்களில் பார்த்தேன். மூன்றாம் குரு அமர்தாஸ் கோயிந்தவாலில் இருந்தபோது, ஹரிபூர் ராஜா குடும்பத்தோடு தரிசனத்துக்கு வந்தாராம். குரு வைத்த நிபந்தனை: லங்கரில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், பெண்கள் முகத்திரை போட்டுக்கொண்டு வரக்கூடாது. மற்ற ராணிகள் எடுத்துவிட்டார்கள், புது ராணி ஒருத்தி மட்டும் மாட்டேன் என்றாள். குரு அவளைப் பைத்தியக்காரி என்று கடிந்துகொண்டார். கதை நடந்ததோ இல்லையோ, கொள்கை நின்றுவிட்டது. ஷிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி 1945இல் இறுதிசெய்த நடத்தை விதிநூலான ரஹித் மரியாதாவில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கிரந்தத்தின் முன்னோ சங்கத் என்னும் வழிபாட்டுச் சபையிலோ சீக்கியர் வெறுந்தலையோடு உட்காரக்கூடாது. சீக்கியப் பெண் முகத்தை மூடிக்கொண்டு சபையில் உட்காருவது குருவின் வழிக்கு விரோதம். தலைக்குத் துணி வேண்டும், முகத்துக்குக் கூடாது. முக்காடும் முகத்திரையும் ஒன்றென்று நினைத்திருந்த என்னைப்போன்றவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

அந்த நூலை நிதானமாகப் படித்தால் இன்னொன்றும் தெரியும். தலையை மூடச் சொல்வது சீக்கியரிடம்தான். எந்த நாட்டார், எந்த மதத்தார், எந்தச் சாதியார் வந்தாலும் தடுக்கக்கூடாது, புகையிலைபோன்ற விலக்கப்பட்ட பொருள் மட்டும் கையில் இருக்கக்கூடாது என்கிறது. வெளியார் தலையைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. நம் தலையில் துணியைப் போட்டது வழக்கம். எழுதிய சட்டத்தைவிட வழக்கம் கறாரானது என்பது எல்லாக் கோயிலிலும் உள்ளதுதான்.

தொப்பி ஒரு தனிச் சங்கடம். சீக்கியருக்குத் தொப்பி ஆகாது என்று பழைய விதிநூல்களான ரஹித்நாமாக்கள் கடுமையாகவே சொல்கின்றன. அதனால் கிரிக்கெட் தொப்பியோடு வருகிற பையன் 'தலை மூடித்தானே இருக்கிறது' என்று வாதாடினால், பல இடங்களில் சேவாதார் சிரித்துக்கொண்டே தொட்டியைக் காட்டுவார். 1997 அக்டோபரில் எலிசபெத் ராணி பொற்கோயிலுக்கு வந்தபோது தொப்பியோடுதான் வந்தார். செருப்பைக் கழற்றினார், வெள்ளைக் காலுறையைக் கழற்றவில்லை. அதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தார்கள். பீஜிக்குத் தொப்பி பெரிதாகப் படவில்லை. காலுறைதான் தாங்கவில்லை. டி.வி.யைப் பார்த்து, "அந்தம்மா காலில் என்ன, மருதாணியா?" என்றார்.

தலையில் போடுகிற துணிக்கு அரசியல் ஒட்டாமல் இருந்ததில்லை. ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்த 1919இலேயே, பிரிட்டிஷார் நியமித்த பொற்கோயில் நிர்வாகி அரூர் சிங், அங்கே சுட்ட ஜெனரல் டயருக்கு சிரோபா என்னும் மரியாதைத் துணி போர்த்திக் கௌரவித்தார். சிரோபா குருத்வாராவின் ஆக உயர்ந்த மரியாதை. அதைச் சுட்டவனுக்கே போர்த்தியதைச் சீக்கியர்கள் பொறுக்கவில்லை. அரூர் சிங் 1920இல் பதவி விலக வேண்டியதாயிற்று. கோயில்களைப் பூசாரி மஹந்துகளிடமிருந்தும் சர்க்கார் ஆட்களிடமிருந்தும் மீட்கிற அகாலி இயக்கம் சூடுபிடித்தது, 1925இல் குருத்வாரா சட்டம் வந்தது. இதன் நடுவில், 1924இல், அகாலிகள் சிலர் பஞ்சாபிலிருந்து வைக்கம் வரை வந்தார்கள். கோயிலைச் சுற்றிய தெருவில்கூட நடக்கக்கூடாது என்று தடுக்கப்பட்டவர்களுக்காக நடந்த சத்தியாக்கிரகத்தில் லங்கர் திறந்து சோறு போட்டார்கள். வெளியார் உதவி வேண்டாம் என்று காந்தி சொன்னதால் மூடிவிட்டுப் போனார்கள். பெரியார் சிறை போன போராட்டம் என்று வைக்கத்தைப் பற்றிப் பேசுகிற நாம் அந்தத் தலைப்பாகைக்காரர்களைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

மரியாதைக்குத் தலையைத் திறப்பதா, மூடுவதா என்ற மோதல் வெளிநாட்டில் இன்னும் வெளிச்சமாகத் தெரிந்தது. 1993 நவம்பர் 11, கனடாவின் சர்ரே நகரம். இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்ட சீக்கிய முதியவர்கள் சிலர் நினைவுநாள் அணிவகுப்பில் நடந்தார்கள். முடிந்து முன்னாள் படைவீரர் மன்றக் கூடத்துக்குப் போனால், பாகையோடு உள்ளே விட மாட்டேன் என்று நிறுத்திவிட்டார்கள். செத்த தோழர்களுக்கு மரியாதையாகத் தலையில் எதுவும் இருக்கக்கூடாது என்பது மன்றத்தின் விதி. இவர்களுக்கோ அதே மரியாதைக்குத் தலையில் பாகை இருக்க வேண்டும். 2010இல் ஒபாமா இந்தியா வந்தபோது பொற்கோயிலுக்குப் போகவில்லை. தலையில் துணி கட்டிய படம் வந்தால் ஊரில் முஸ்லிம் என்று வதந்தி கிளப்புவார்கள் என்ற பயம்தான் காரணமென்று பத்திரிகைகள் எழுதின. டேவிட் கேமரன் 2013இல் நீலத் துணி கட்டிக்கொண்டு போய் ரொட்டி தட்டிவிட்டு வந்தார்.

பாகை கட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தது பீஜி வீட்டு முற்றத்தில்தான். மெல்லிய வாயில் ரகத் துணி, ஐந்து ஆறு மீட்டர் இருக்கும். லேசாக ஈரம் தெளித்து, ஒரு முனையை மகன் பிடிப்பார், மறு முனையைக் கையில் சிக்கியவர் பிடிக்க வேண்டும். இழுத்து, உதறி, நீளவாக்கில் மடித்து மறுபடி இழுப்பது. இதற்குப் பூணி என்று பெயர். நான் ஒருநாள் பிடித்தேன், தளர்த்திவிட்டேன், பீஜி என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். உள்ளே ஃபிஃப்டி என்கிற சின்னப் பட்டையைக் கட்டி, பூணியின் ஒரு நுனியைப் பல்லில் கவ்விக்கொண்டு சுற்ற ஆரம்பித்தால், ஒவ்வொரு மடிப்பும் முந்தியதற்கு ஒரு விரல் மேலே விழும். கடைசியில் எஃகு ஊசிபோன்ற சலாயை உள்ளே விட்டு மடிப்புகளை நீவிவிடுவார். இதைத் தினமும் அவிழ்த்துத் தினமும் கட்ட வேண்டும். தொப்பிபோல எடுத்து மாட்டிக்கொள்கிறவர்களைப் பீஜி சோம்பேறி என்பார்.

பெண்கள் பாகை கட்டலாம், கட்டாமலும் இருக்கலாம் என்று ரஹித் மரியாதா அவரவர் இஷ்டத்துக்கு விட்டிருக்கிறது. பெண்களும் கேஸ்கி என்னும் சிறு பாகை கட்டியே ஆக வேண்டும் என்பது அகண்ட கீர்த்தனி ஜத்தா என்ற சீக்கியப் பிரிவினரின் கட்சி. பீஜியின் தலைமுறைப் பெண்கள் சுன்னியோடு நின்றுவிட்டார்கள். பேத்தி நிற்கவில்லை. சில வருடம் முன்பு போனில் பேசியபோது பீஜிக்கு அதுதான் குறை. பெண்பிள்ளை பாகை கட்டினால் எவன் கட்டிக்கொள்வான் என்று புலம்பினார். பேத்தி காதில் வாங்குவதாக இல்லை. காலையில் அவளும் வேலைக்குப் போக வேண்டும், அப்பாவும் போக வேண்டும், பூணி பிடிக்க வீட்டில் இருப்பது பீஜி ஒருவர்தான். யார் துணியை முதலில் பிடிப்பது என்று முற்றத்தில் தினமும் சண்டையாம்.